இனிப்புக்குப் பின் காரம், காரத்துக்குப் பின் இனிப்பு

தீபாவளியன்று வீட்டுக்கு வருகிறவர் முன் வைக்கும் தட்டைக் கொஞ்சம் நின்று கவனியுங்கள். ஒரு பக்கம் லட்டு, மைசூர்பாகு, அதிரசம். மறுபக்கம் தேன்குழல், ரிப்பன் பகோடா, ஒரு குத்து மிக்சர். கை போகிற வரிசை பெரும்பாலும் ஒரே மாதிரிதான் இருக்கும். முதலில் லட்டு. அது முடியும்போது வாய் திகட்டும், உடனே மிக்சர். நாக்கில் காரமும் உப்பும் ஏறியதும் மைசூர்பாகில் ஒரு விள்ளல். நெய் வாயெல்லாம் படிந்ததும் தேன்குழல். திகட்டுவதும் தெளிவதுமாகத் தட்டு காலியாகிவிடும். அதே தட்டில் ஆறு லட்டு மட்டும் இருந்திருந்தால் இரண்டாவதைத் தாண்டுவதே பெரும்பாடு.

பண்டிகைக் காலத்தில் அளவோடு சாப்பிடுவது பற்றிப் பேச்செடுத்தால் அது மன உறுதியில் போய்த்தான் நிற்கும். வாயைக் கட்டத் தெரியவில்லை என்று ஒருவரை ஒருவர் குறை சொல்லிக்கொள்வோம். எனக்கு அதில் உடன்பாடில்லை. எவ்வளவு சாப்பிடுகிறோம் என்பதை அந்தத் தட்டின் அமைப்பும், பலகார டப்பா வீட்டில் எத்தனை நாள் இருக்கிறது என்பதுமே பெரும்பாலும் தீர்மானிக்கின்றன. இரண்டையும் மாற்றுவது நம் கையில் இருக்கிறது. அதற்குப் பண்டிகையின் மகிழ்ச்சியில் கை வைக்கத் தேவையில்லை.

முதலில் தட்டு. ஆக்ஸ்போர்டில் பார்பரா ரோல்ஸும் அவருடன் பணியாற்றியவர்களும் 1981இல் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். ஒரு நாள் ஒரே வகைப் பூரணம் வைத்த சாண்ட்விச், இன்னொரு நாள் நான்கு வகைப் பூரணம் வைத்த சாண்ட்விச். நான்கு வகை கிடைத்த நாளில் மக்கள் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு கூடுதலாகச் சாப்பிட்டார்கள். பசி அதே பசி, வயிறு அதே வயிறு; மாறியது வகை மட்டுமே. ஒரு பண்டத்தைச் சாப்பிடச் சாப்பிட அந்தப் பண்டத்தின் மீதுள்ள ஆசை குறைகிறது. இன்னும் தொடாத பண்டத்தின் மீதுள்ள ஆசை அப்படியே நிற்கிறது. ஆய்வாளர்கள் இதைச் சுவைசார் நிறைவு என்கிறார்கள்.

மூளையிலும் இதைப் பார்த்திருக்கிறார்கள். கண்குழிக்கு நேர் மேலே, மூளையின் முன்பகுதியில், சுவையும் மணமும் வந்து சேரும் ஓரிடம் உண்டு. எட்மண்ட் ரோல்ஸின் குழு குரங்குகளுக்குச் சர்க்கரைக் கரைசலை வயிறு முட்டக் கொடுத்துவிட்டு அந்த இடத்து நரம்பணுக்களைப் பதிவு செய்தது. சர்க்கரைக் கரைசலுக்கு அணுக்கள் பதில் தருவதை நிறுத்திவிட்டன. பழச்சாற்றைக் கொடுத்ததும் அதே அணுக்கள் மீண்டும் துடித்தன. வயிற்றில் இடமில்லாதபோதும் புதிய சுவைக்கு மூளையில் இடம் இருக்கிறது. காட்டில் கிடைத்ததைத் தின்று வாழ்ந்த காலத்தில் இது உயிர் காத்த குணம். ஒரே கிழங்கைத் தின்று நிறுத்தாமல் பழம், கீரை, இறைச்சி என்று தேடிப் போனவருக்குத்தான் எல்லாச் சத்தும் கிடைத்தது. அந்தக் குணம் பலகாரத் தட்டின் முன்னால் நமக்கு எதிராகத் திரும்புகிறது.

எனவே பலகாரத்தை ஒழிக்கச் சொல்ல மாட்டேன். ஒரு வேளைக்கு ஓர் இனிப்பு, ஒரு காரம். இன்று காலை அதிரசமும் தேன்குழலும் என்றால் மைசூர்பாகு நாளைக்கு. வீட்டில் ஏழு வகை இருக்கட்டும். தட்டுக்கு இரண்டு வகை வந்தால் போதும். எண்ணிச் சாப்பிடத் தேவையில்லை, திகட்டலே நிறுத்திவிடும். உடலுக்குள் இருக்கும் அந்தக் கடிவாளத்தை வேலை செய்ய விடுகிறோம், அவ்வளவுதான்.

நிறைவு நாக்கோடும் வயிற்றோடும் முடிவதில்லை. நினைவுக்கும் அதில் பங்குண்டு. பால் ரோசினும் அவரது சகாக்களும் 1998இல் நினைவிழப்பு நோயாளிகள் இருவரைப் பற்றி எழுதினார்கள். மதிய உணவு முடித்துச் சிறிது நேரத்தில் இன்னொரு மதிய உணவைக் கொண்டுவந்து வைத்தபோது, முன்பு சாப்பிட்டது நினைவில் இல்லாத அவர்கள் அதையும் சாப்பிட்டார்கள். மூன்றாவதைக் கொண்டுவந்தபோது பெரும்பாலும் அதையும் தொடங்கினார்கள். வயிறு நிறைந்திருந்தது, ஆனால் சாப்பிட்டோம் என்ற நினைவு இல்லை. நினைவு நன்றாக உள்ளவர்களிடமும் இதன் சாயல் தெரிகிறது. தொலைக்காட்சி பார்த்துக்கொண்டே மதிய உணவு சாப்பிட்ட இளம்பெண்கள் பிற்பகல் நொறுக்குத் தீனியைக் கூடுதலாகச் சாப்பிட்டதை, பர்மிங்காம் பல்கலைக்கழகத்தின் சூசன் ஹிக்ஸ் காட்டியிருக்கிறார். தீபாவளி மதியம் நம் கூடத்தில் என்ன நடக்கிறது? சிறப்புப் பட்டிமன்றம், அது முடிந்ததும் புதுப்படம், மடியில் மிக்சர் டப்பா. நாம் தின்றதில் பாதி நம் கணக்கிலேயே வராது. மிக்சரைக் கிண்ணத்தில் போட்டு எடுத்துவந்து டப்பாவைச் சமையலறையிலேயே விட்டுவிட்டால் எவ்வளவு தின்றோம் என்பதாவது தெரியும். 30 கிராம் மிக்சரில் ஏறத்தாழ 150 கலோரி. அது ஒரு சின்னக் கைப்பிடிதான்.

இனி டப்பா. அமெரிக்காவின் தேசியச் சுகாதார நிறுவனங்களைச் சேர்ந்த ஆய்வாளர்கள் 195 பேரை ஓராண்டு தொடர்ந்து எடை பார்த்து 2000இல் முடிவை வெளியிட்டார்கள். நவம்பரில் வரும் நன்றி நவிலும் நாளில் தொடங்கிப் புத்தாண்டு வரை நீளும் அவர்களுடைய விடுமுறைக் காலத்தில் சராசரியாக ஏறிய எடை 0.37 கிலோ. பலரும் தங்களுக்கு அதைப்போல் பல மடங்கு ஏறிவிட்டதாக நினைத்திருந்தார்கள். அரைக் கிலோகூட இல்லையே என்று நிம்மதியடையலாம். ஆனால் அந்த ஆய்வின் சாரம் அடுத்த வரியில் இருக்கிறது: விடுமுறை முடிந்த பிறகும் அந்த எடை இறங்கவில்லை. ஆண்டு முழுவதும் ஏறிய எடையில் பெரும்பகுதி இந்த ஆறேழு வாரங்களில் வந்தது. ஆண்டுக்கு 0.37 கிலோ ஏறி இறங்காமல் தங்கினால் இருபது ஆண்டில் ஏழு கிலோவுக்கு மேல். இருபத்தைந்து வயதில் தைத்த சட்டை நாற்பத்தைந்தில் பொத்தான் போட வராததற்குப் பெருந்தீனி எதுவும் காரணமாக இருக்க வேண்டியதில்லை.

நம் ஊரில் அந்தக் காலம் இன்னும் நீளம். ஐப்பசியில் தீபாவளி, கார்த்திகையில் பொரி உருண்டையும் அப்பமும், மார்கழி விடியலில் கோயில் வெண்பொங்கல், கிறிஸ்துமஸுக்குப் பக்கத்து வீட்டிலிருந்து வரும் கேக்கும் அச்சு முறுக்கும், புத்தாண்டு, பிறகு தைப்பொங்கல். இவற்றில் எந்த ஒரு நாளும் உடம்பைக் கெடுத்துவிடாது. ஒரு நாள் கூடுதலாகத் தின்ற 1000 கலோரியை உடல் அடுத்த சில நாளில் சமாளித்துக்கொள்ளும். தீபாவளி ஒரு நாளில் முடிகிறது. பலகார டப்பா பதினைந்து நாள் திறந்து திறந்து மூடப்படுகிறது. 45 கிராம் எடையுள்ள பூந்தி லட்டு ஒன்றில் ஏறத்தாழ 200 கலோரி. தினம் மாலைக் காபியோடு ஒன்று என்றால் பதினைந்து நாளில் 3000 கலோரி. 60 கிலோ எடையுள்ளவர் ஒரு லட்டுக்கு ஈடாக முக்கால் மணி நேரத்துக்கு மேல் வேகமாக நடக்க வேண்டும்.

இந்த நடைக் கணக்கும் சேர்ந்த சில எளிய வழிகள் பயன் தருகின்றன என்பதற்குச் சான்று உண்டு. பர்மிங்காமில் 272 பேரை இரண்டு குழுவாகப் பிரித்துக் கிறிஸ்துமஸ் காலத்தில் நடத்திய ஒரு சோதனையை 2018இல் வெளியிட்டார்கள். ஒரு குழுவுக்கு அடிக்கடி எடை பார்த்துக் குறித்துக்கொள்ளச் சொல்லி, சில எளிய குறிப்புகளும், எந்தப் பண்டத்துக்கு எவ்வளவு நடை என்ற பட்டியலும் கொடுத்தார்கள். இன்னொரு குழுவுக்கு ஆரோக்கியமாக வாழ்வது பற்றிய ஒரு துண்டறிக்கை மட்டும். துண்டறிக்கை வாங்கியவர்களுக்குச் சராசரியாக 0.37 கிலோ ஏறியது, மற்றவர்களுக்கு 0.13 கிலோ இறங்கியது. எந்தப் பண்டமும் தடை செய்யப்படவில்லை. எடையைக் கண்ணால் பார்த்ததும் சில சின்னப் பழக்கங்களும் போதுமானதாக இருந்தன.

"நான் ஒல்லிதானே, எனக்கென்ன?" என்று கேட்பவர்களுக்கு ஒரு புகைப்படத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். லண்டனின் ஜான் யட்கினும் புனேயின் சித்தரஞ்சன் யாஜ்னிக்கும் அருகருகே நிற்கும் படம் 2004இல் லான்செட் இதழில் வந்தது. இருவருக்கும் உடல் எடைக் குறியீடு ஒன்றேதான், 22.3. ஆனால் யட்கினின் உடலில் கொழுப்பு 9.1 சதவீதம், யாஜ்னிக்கின் உடலில் 21.2 சதவீதம். பார்வைக்கு ஒல்லி, உள்ளே கொழுப்பு: இந்தியர்களிடம் இது அதிகம். கை கால் மெலிந்திருக்க, கொழுப்பு வயிற்றைச் சுற்றியும் உறுப்புகளைச் சுற்றியும் சேர்கிறது. அதனால்தான் எடை அதிகமில்லாதவர்களுக்கும் இங்கே சர்க்கரை நோய் வருகிறது. மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி அறக்கட்டளையும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் சேர்ந்து நடத்தி 2023இல் வெளியிட்ட ஆய்வின்படி நாட்டில் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய், 13.6 கோடிப் பேர் அதன் வாசலில். பண்டிகை நாளில் நம் வீட்டுக் கூடத்தில் பத்துப் பேர் உட்கார்ந்திருந்தால் அதில் இரண்டு மூன்று பேராவது இந்தக் கணக்கில் வருவார்கள் என்று எண்ணித்தான் பரிமாற வேண்டும்.

தீபாவளிக் காலையை எடுத்துக்கொள்வோம். முதல் நாள் இரவு கிளாம்பாக்கத்தில் பேருந்து பிடித்து உட்கார்ந்தபடியே தூங்கி ஊர் வந்து சேர்ந்திருப்போம். விடியுமுன் எழுப்பி எண்ணெய் வைத்துவிடுவார்கள். குளித்ததும் லேகியம், புதுத்துணி, வெறும் வயிற்றில் லட்டு. இட்லி வருவதற்குள் இரண்டு மூன்று இனிப்பு உள்ளே போயிருக்கும். தூக்கம் கெட்டதே பசியைக் கூட்டும். சிகாகோ பல்கலைக்கழகத்தில் பன்னிரண்டு இளைஞர்களை இரண்டு இரவு நான்கு மணி நேரம் மட்டும் தூங்கவிட்டு 2004இல் வெளியிட்ட ஆய்வில், பசியைத் தூண்டும் கிரெலின் 28 சதவீதம் உயர்ந்தது. நிறைவைச் சொல்லும் லெப்டின் 18 சதவீதம் குறைந்தது. இனிப்பு, உப்பு, மாவுப் பண்டங்கள் மீதுதான் ஆசை மிகுந்தது. அதாவது பலகாரத்தின் மீது.

அந்த வெறும் வயிற்று லட்டுக்கு ஒரு மாற்று இருக்கிறது. வெறும் வயிற்றில் விழும் சர்க்கரை விரைவில் சிறுகுடலுக்கு இறங்கி ரத்தத்தில் ஏறுகிறது. காய்கறியும் புரதமும் முன்னால் போயிருந்தால் இரைப்பை மெதுவாகக் காலியாகிறது. குடல் ஜி.எல்.பி-1 என்ற ஹார்மோனைச் சுரந்து இன்சுலினுக்குத் துணை செய்கிறது. நியூயார்க்கில் அல்பனா சுக்லாவின் குழு சர்க்கரை நோயாளிகள் பதினோரு பேரை வைத்து 2015இல் இதைச் சோதித்தது. ஒரே சாப்பாடு, ஒரே அளவு. காய்கறியும் இறைச்சியும் முதலில், பதினைந்து நிமிடம் கழித்து ரொட்டியும் பழச்சாறும் என்று சாப்பிட்டபோது, வரிசை தலைகீழாக இருந்த நாளைவிட ஒரு மணி நேரத்தில் ரத்தச் சர்க்கரை 37 சதவீதம் குறைவாக இருந்தது. இலையில் முதலில் இனிப்பு வைப்பது நம் வழக்கம். அதை மாற்றச் சொல்லவில்லை. துளி எடுத்து நாக்கில் வைத்துவிட்டுப் பொரியலுக்கும் கூட்டுக்கும் போகலாம். மிச்ச இனிப்பு கடைசியில்.

பெரியவர்கள் வகுத்த பண்டிகைச் சமையலிலேயே இதற்கான பண்டமும் இருக்கிறது. தீபாவளிக்குச் சில வாரங்கள் முன்பு கொலு வைத்து ஒன்பது நாளும் சுண்டல் செய்தோமே, அதை ஏன் நவராத்திரியோடு நிறுத்த வேண்டும்? டொராண்டோவின் டேவிட் ஜென்கின்ஸ் 1981இல் உணவுகளை அவை ரத்தச் சர்க்கரையை ஏற்றும் வேகப்படி வரிசைப்படுத்தியபோது பட்டியலின் அடியில் நின்றவை கொண்டைக்கடலை போன்ற பயறுகள். மறு ஆண்டு அவர் இன்னொன்றையும் காட்டினார். காலையில் பயறு சாப்பிட்டால் மதிய உணவுக்குப் பின்னும் சர்க்கரை குறைவாகவே ஏறுகிறது. ஆகவே தீபாவளிக் காலையில் இட்லிக்கு முன் ஒரு கிண்ணம் சுண்டல் என் உறுதியான பரிந்துரை. திருவாதிரைக் களிக்கு ஏழுகறிக் கூட்டும், சர்க்கரைப் பொங்கலுக்கு அவரையும் மொச்சையும் பரங்கியும் போட்ட குழம்பும் துணை வருவதைப் பாருங்கள். இனிப்பின் பக்கத்தில் காயும் பயறும் வைத்த சமையல் இது. இப்போது நாம் இனிப்பை மட்டும் கடையில் வாங்கிக்கொண்டு கூட்டை விட்டுவிட்டோம்.

லேகியத்தைப் பற்றி ஒரு வார்த்தை. சுக்கு, மிளகு, திப்பிலி, ஓமம் எல்லாம் அரைத்து வெல்லமும் நெய்யும் விட்டுக் கிளறியது. இஞ்சி இரைப்பை காலியாவதை விரைவுபடுத்துகிறது என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. வயிறு கனத்துப்போனவருக்கு அது இதம் தரலாம். ஆனால் சாப்பிட்ட சர்க்கரையையும் நெய்யையும் அது கரைத்துவிடாது. "லேகியம் சாப்பிட்டாச்சு, இனி பயமில்லை" என்பதில் அர்த்தமில்லை. வெல்லத்துக்கும் இதே பதில்தான். வெல்லத்தில் பெரும்பகுதி சர்க்கரையில் உள்ள அதே சுக்ரோஸ். கூடவே கொஞ்சம் தாது உப்புகள் உண்டு. வெல்லத்தில் செய்தது என்பதற்காக அதிரசத்தை ஒன்று கூடுதலாக எடுத்துக்கொள்ளச் சர்க்கரை நோயாளிக்கு அனுமதி கிடையாது.

இனி அடுப்படி. முறுக்கு எப்படி எண்ணெய் குடிக்கிறது என்பது தெரிந்தால் கையில் ஒரு நல்ல உத்தி கிடைக்கும். பிழிந்த மாவு 170, 180 டிகிரி எண்ணெயில் விழுந்ததும் மாவிலுள்ள தண்ணீர் ஆவியாகிச் சீறிக்கொண்டு வெளியே வருகிறது. நாம் பார்க்கும் நுரையும் கேட்கும் சடசடப்பும் அதுதான். வெளியே பாயும் ஆவி எண்ணெயை உள்ளே விடுவதில்லை. ஓசை அடங்கினால் தண்ணீர் தீர்ந்தது, முறுக்கு வெந்தது. அனுபவமுள்ள கை அப்போது எடுத்துவிடும். ஆபத்து அதற்குப் பிறகுதான். வெளியே எடுத்த முறுக்கு ஆறும்போது உள்ளே இருக்கும் துளைகளில் மிச்ச ஆவி குளிர்ந்து தண்ணீராகிறது, அழுத்தம் இறங்குகிறது. மேலே ஒட்டியிருக்கும் எண்ணெயை அந்தத் துளைகள் உறிஞ்சிக்கொள்கின்றன. சோளச் சிப்ஸை வைத்துச் செய்த அளவீடுகளில், உள்ளே போன எண்ணெயில் பெரும்பங்கு இப்படி ஆறும்போதுதான் போயிருந்தது. ஆகவே எடுத்த உடனே, சூடு இறங்குமுன், ஜல்லிக் கரண்டியை வாணலிக்கு மேலேயே பிடித்து நன்றாக உதறி, தேங்கி நிற்காதபடி துளைத் தட்டில் பரப்ப வேண்டும். குவியலாகப் போட்டால் மேலே உள்ளதிலிருந்து வடியும் எண்ணெயைக் கீழே உள்ளது குடிக்கும். செய்தித்தாளில் மட்டும் பரப்பாதீர்கள். அச்சு மை உணவில் ஏறும். இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையமும் அதைக் கூடாது என்கிறது. பலகாரம் சுட்ட எண்ணெயைத் திரும்பத் திரும்பக் காய்ச்சினால் அது சிதைந்து கெட்ட பொருள்கள் சேர்கின்றன. கறுத்து, பிசுபிசுத்து, புகையத் தொடங்கிய எண்ணெயைக் கொட்டிவிடுவதே சரி.

சாப்பிட்டு முடித்ததும் நடை. சுருங்கி விரியும் தசை, இன்சுலினுக்குக் காத்திராமல் ரத்தத்திலிருந்து சர்க்கரையை நேரே எடுத்துக்கொள்கிறது. முதியவர்களிடம் 2013இல் நடந்த ஓர் ஆய்வில், ஒவ்வொரு வேளைச் சாப்பாட்டுக்குப் பிறகும் பதினைந்து நிமிடம் நடந்ததால் இரவுச் சாப்பாட்டுக்குப் பின் ஏறும் சர்க்கரை நன்றாகக் கட்டுப்பட்டது. ஒரே மூச்சாக முக்கால் மணி நேரம் நடந்ததில் அந்தப் பலன் கிடைக்கவில்லை. பண்டிகை நாளில் இதற்குத் தனியாக நேரம் ஒதுக்க வேண்டாம். நாலு தெரு தள்ளியிருக்கும் பெரியம்மா வீட்டுக்கு வண்டியை எடுக்காமல் நடந்து போனால் போதும்.

அங்கே போனால்தான் உண்மையான சோதனை. "எங்க வீட்டுல ஒண்ணும் சாப்பிடாமப் போனா எப்படி?" என்று தட்டு நீளும். மறுப்பது மனதை நோகடிக்கும், அது எனக்கும் பிடிக்காது. ஒன்றை எடுத்து அங்கேயே ரசித்துச் சாப்பிட்டுவிட்டு, "அண்ணி, மிச்சத்தைக் கட்டிக் குடுங்க, பிள்ளைங்க சாப்பிடும்" என்று கேட்டுப் பாருங்கள். கொடுப்பவருக்கும் மகிழ்ச்சி. வீட்டுக்கு வந்ததைச் சேர்த்து வைக்காமல் மூன்றாம் நாளே பிரித்துக் கொடுத்துவிடுங்கள். பலகாரம் சேராத வீடுகள் நம் தெருவிலேயே இருக்கும். காவலாளி, துப்புரவுப் பணியாளர், தபால்காரர் இருக்கிறார்கள். நல்லதாக இருக்கும்போதே கொடுக்க வேண்டும், காறல் அடித்த பிறகு அல்ல.

கடைசியாக, சர்க்கரைக்கு மாத்திரையோ ஊசியோ எடுத்துக்கொள்பவர்களுக்கு. இனிப்புச் சாப்பிடப் போகிறோம் என்று தாங்களாகவே ஒரு மாத்திரை கூடுதலாகப் போட்டுக்கொள்வதும், மாலை விருந்துக்காக மாத்திரை போட்டுவிட்டு மதியம் பட்டினி கிடப்பதும் பல வீடுகளில் நடக்கிறது. இன்சுலினும் சில வகை மாத்திரைகளும் வெறும் வயிற்றில் ரத்தச் சர்க்கரையை ஆபத்தான அளவுக்கு இறக்கிவிடும். வியர்த்து, கை நடுங்கி, நினைவு தப்பலாம். பண்டிகைக்கு ஒரு வாரம் முன்பே உங்கள் மருத்துவரைப் பாருங்கள். அன்று எந்த நேரத்தில் எழுவீர்கள், எப்போது சாப்பிடுவீர்கள், என்ன சாப்பிட ஆசை என்று வெளிப்படையாகச் சொல்லி, அன்றைக்கான மருந்தின் அளவையும் நேரத்தையும் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.